தக்கைச் சீவலும் ஈயின் கண்ணும்: ஹூக்கின் 'மைக்ரோகிராஃபியா'

ராபர்ட் ஹூக் 1665-ல் தக்கையை நுண்ணோக்கியில் பார்த்தார், காலி அறைகளைக் கண்டார், 'செல்' என்று பெயர் வைத்தார். பள்ளியில் நாம எல்லாரும் படிச்சது இவ்வளவுதான். இதுல பொய் எதுவும் இல்லை. ஆனா 'மைக்ரோகிராஃபியா'வில் தக்கையைப் பற்றி வரும் 18-ஆவது குறிப்பை முழுசா வாசிச்சா, நம்ம பாடப்புத்தகம் எவ்வளவு விட்டுவிட்டது என்று தெரியும். பழைய ஆங்கிலம், முடிவே இல்லாத வாக்கியங்கள், கொஞ்சம் படுத்தும். பொறுமையாகப் படித்தால் பலன் இருக்கு.

முதலில் அவர் என்ன செய்தார் என்று பார்ப்போம். கூரான பேனாக்கத்தியால் தக்கையிலிருந்து மிக மெல்லிய சீவல் ஒன்றை எடுக்கிறார். சீவல் வெள்ளையாக இருப்பதால் கறுப்புத் தகட்டின் மேல் வைக்கிறார். ஒரு லென்ஸால் வெளிச்சத்தை அதன் மேல் குவிக்கிறார். அப்பதான் தேன்கூடு மாதிரி அறைகள் தெரிகின்றன. பிறகு எண்ணுகிறார்: அங்குலத்தில் 18-ல் ஒரு பங்குக்குள் சுமார் 60 அறைகள். அப்ப ஒரு அங்குலத்துக்கு 1080, சதுர அங்குலத்துக்கு 11,66,400, கன அங்குலத்துக்கு 125 கோடிக்கும் மேல். நான் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். 25.4 மில்லிமீட்டரை 1080-ஆல் வகுத்தால் ஓர் அறைக்கு சுமார் 23.5 மைக்ரான் வருது. தக்கைச் செல்களின் அளவு இன்றைக்கும் சில பத்து மைக்ரான்தான். 350 வருஷத்துக்கு முந்தைய கருவிக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

இவ்வளவும் எதற்கு? உயிரின் அடிப்படை அலகைத் தேடி அவர் போகவில்லை. தக்கை ஏன் இவ்வளவு லேசு, ஏன் தண்ணீரை உறிஞ்சுவதில்லை, அமுக்கிவிட்டால் ஏன் பழையபடி எழும்புது என்பதுதான் அவருடைய கேள்வி. காற்று அடைபட்ட குட்டிக் குட்டிப் பெட்டிகள் என்பது பதில். சுத்தமான இன்ஜினியர் கேள்வி, இன்ஜினியர் பதில்.

அடுத்து அந்த 'காலி அறை' சமாச்சாரம். ஹூக் வெறும் செத்த செல்களை மட்டும்தான் பார்த்தார் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அதே குறிப்பில் அவர் கேரட், பெருஞ்சீரகம் போன்ற பல செடிகளையும் பேசுகிறார். பச்சையாக இருக்கும்போது இந்த அறைகளுக்குள் சாறு நிறைந்திருப்பதைப் பார்த்ததாகவும் சொல்கிறார். ஓர் அறையிலிருந்து இன்னொன்றுக்குச் சாறு போக வழி இருக்குமா என்று தேடுகிறார். கிடைக்கவில்லை என்று ஒத்துக்கொள்கிறார். ஆனாலும் இருக்கக்கூடும் என்கிறார். அந்தச் சாறில்தான் விஷயமே இருக்கிறது என்பது அவருக்குப் பிடிபடவில்லை, அது உண்மை. எல்லாச் செடிகளும் விலங்குகளும் செல்களால் ஆனவை என்ற கொள்கை 1838-39-ல் ஷ்லைடன், ஷ்வான் வழியாகத்தான் வருது. அதற்காக, பார்த்ததையும் பார்க்கவில்லை என்று எழுதுவது நியாயமில்லை. இலங்கைப் பாடநூல்களில் செல்லை 'கலம்' என்பார்கள். பாத்திரம், உள்ளே ஏதோ இருக்கு என்ற பொருள். ஹூக் பச்சைச் செடியில் பார்த்ததற்கு 'அறை'யைவிட இந்தச் சொல்தான் எனக்குப் பொருத்தமாகப் படுது.

புத்தகத்தின் உண்மையான பலம் முன்னுரையில் இருக்கு. நுண்ணோக்கியில் மேடு எது, பள்ளம் எது, நிழல் எது, கறை எது என்று பிரித்தறிவது கஷ்டம் என்கிறார். ஈயின் கண்ணை உதாரணம் காட்டுகிறார். ஒரு வெளிச்சத்தில் ஓட்டை போட்ட வலைப்பின்னல், வெயிலில் தங்க ஆணி அடித்த பரப்பு, கொஞ்சம் திருப்பினால் கூம்புகள். பொருள் ஒன்றுதான், தோற்றம்தான் வேற வேற. அதனால் பல வெளிச்சத்தில், பல கோணத்தில் பார்த்து, உண்மையான வடிவம் இதுதான் என்று தெளியும் வரை வரையத் தொடங்குவதில்லை என்கிறார். இதைவிடச் சிறந்த பரிசோதனை ஒழுக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

என் விமர்சனமும் இங்கேதான். எழுத்தில் இவ்வளவு எச்சரிக்கையாக இருக்கிறவர், படத்தில் அந்த எச்சரிக்கையை மறைத்துவிடுகிறார். அந்தக் காலத்து கூட்டு நுண்ணோக்கியில் வண்ண விளிம்பும் மங்கலும் சகஜம். ஒற்றை லென்ஸ் இன்னும் தெளிவாகக் காட்டும், ஆனா கண்ணுக்குச் சிரமம் என்று அவரே சொல்கிறார் (பின்னால் லேவன்ஹுக் அந்த வழியில்தான் போனார்). ஆனா மடித்து வைத்த பெரிய தாளில் வரும் தெள்ளுப்பூச்சியைப் பாருங்க: மங்கலே இல்லை, சந்தேகமே இல்லை. பல பார்வைகளைச் சேர்த்துக் கட்டிய படம், ஒரே பார்வை மாதிரி நிற்கிறது. எது கண்டது, எது ஊகித்தது என்று வாசகனால் பிரிக்க முடியாது. முன்னுரையைப் படிப்பவர் குறைவு, படத்தைப் பார்ப்பவர்தான் அதிகம்.

இது பழங்கதை இல்லை. பாக்டீரியாவில் 'மீசோசோம்' என்று ஓர் உறுப்பு எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் தெளிவாகத் தெரிந்தது. பாடப்புத்தகங்களிலும் ஏறியது. 1970-களில் பார்த்தால், மாதிரியைப் பதப்படுத்தும் ரசாயனம் உண்டாக்கிய மடிப்பு அது. பயாப்சி ஸ்லைடும் அப்படித்தான்: திசு ஃபார்மலினில் ஊறி, மெழுகில் பதிந்து, சில மைக்ரான் தடிமனில் சீவப்பட்டு, சாயம் ஏற்றப்பட்டு வருது. அந்த ஊதாவும் இளஞ்சிவப்பும் செல்லின் நிறம் இல்லை, சாயத்தின் நிறம். நோயியல் மருத்துவருக்கு இது தெரியும், அதை மனசில் வைத்துத்தான் பார்ப்பார். இப்ப எங்க துறை ஆட்கள் இந்த ஸ்லைடுகளை மென்பொருளுக்குக் கொடுத்து, புற்றுநோயா இல்லையா என்று சொல்லச் சொல்றாங்க. சாயமும் ஸ்கேனரும் மாறினால் நிறம் மாறும், ஒரு லேபில் பழகிய மென்பொருள் இன்னொரு லேபின் ஸ்லைடில் தடுமாறும். ஈயின் கண்ணில் ஹூக் சொன்ன அதே பிரச்சினை. இப்போது மறுமுனையில் ஒரு நோயாளி இருக்கிறார், அதுதான் வித்தியாசம்.

பாடப்புத்தகம் எழுதுபவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது சின்ன விஷயம். 'ஹூக் செல்லைக் கண்டார்' என்ற வரிக்குப் பக்கத்தில் அந்தப் பேனாக்கத்தியையும், கறுப்புத் தகட்டையும், குவித்த வெளிச்சத்தையும் சேருங்க. நாலு வரி கூடும், அவ்வளவுதான். நுண்ணோக்கிப் படம் ஒன்றைக் காட்டினால், இதை எப்படி எடுத்தாங்க என்று பிள்ளைகள் கேட்கப் பழகுவாங்க.