அளவை வாயில்: சித்தியாரும் உரையாசிரியர்களும் நாமும்

சிவஞான சித்தியார் சுபக்கத்தில் பதி, பசு, பாசம் என்ற மூன்றையும் தொடுவதற்கு முன்பே அளவை பேசப்படுகிறது. சிவன் உண்டு என்று நிறுவப் புறப்பட்ட அருணந்தி சிவாசாரியார், ஒன்றை உண்டென்று சொல்ல என்ன ஆதாரம், அந்த ஆதாரத்துக்குள் பிழை எப்படி நுழையும், நுழைந்த பிழையை எப்படி இனங்காண்பது என்பவற்றை 14 பாடல்களில் தீர்த்துக்கொண்ட பிறகுதான் முதற் சூத்திரத்துக்கு வருகிறார். தேவாரம் கோயில்தோறும் ஓதப்பட்ட 13ஆம் நூற்றாண்டில், ஒரு சைவ ஆசாரியர் தம் நூலின் வாயிலிலேயே ஐயத்தையும் திரிபையும் எடுத்துவைத்து ஆராய்ந்தார். இதன் அருமையை நாம் போதிய அளவு உணர்ந்ததாகத் தெரியவில்லை.

நம் கும்பாபிஷேக மலர்களைப் புரட்டிப் பார்த்தால், ஆசியுரைகளுக்கும் வாழ்த்துச் செய்திகளுக்கும் பின்னால் சித்தாந்தக் கட்டுரை ஒன்றாவது இருக்கும். முப்பொருள் இருக்கும், மும்மலம் இருக்கும், சரியை முதலிய நான்கு பாதங்களும் இருக்கும். அளவை பெரும்பாலும் இருக்காது. கடினம் என்று விட்டார்களோ, பக்திக்கு இது எதற்கு என்று விட்டார்களோ, எப்படியானாலும் இழப்பு நமக்குத்தான். அளவையை விட்டுவிட்டுச் சித்தாந்தத்தைச் சொன்னால் முடிவுகள் மட்டும் கையில் மிஞ்சும். அந்த முடிவுகளுக்கு வந்து சேர்ந்த வழி மறைந்துபோகும். பிறகு வீட்டில் வளரும் பிள்ளை ஏன் என்று கேட்டால், கேட்காதே என்று சொல்வதைத் தவிர நமக்கு வேறு மறுமொழி இருக்காது.

அளவைகள் பத்து என்று பிறர் எண்ணியதை அருணந்தியார் ஒழுங்காக எடுத்துச் சொல்கிறார்: காண்டல், கருதல், உரை, அபாவம், பொருள், ஒப்பு, ஒழிபு, உண்மை, ஐதிகம், இயல்பு. பின்பு இவை யாவும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்று முடிக்கிறார். பத்து என்ற கணக்கு தமிழுக்கு அன்று புதிதன்று. மணிமேகலையின் சமயக்கணக்கர் காதையில் அது இருக்கிறது. அதற்குப் பின் வரும் காதையொன்றில் அறவண அடிகள் வாயிலாகப் பௌத்த தருக்கம் விரிவாகவே வருகிறது. எதை நம்பலாம், எந்த அளவுக்கு நம்பலாம் என்று வாதிட்ட மொழி நம்முடையது.

இந்தப் பத்தில் திருக்கோணமலைக்காரர் நின்று பார்க்கவேண்டியது ஐதிகம். இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்லிவருகிறார்கள் என்பது ஐதிகத்துக்குத் தருக்க நூலார் காட்டும் உதாரணம். முதலில் சொன்னவர் யாரென்று தெரியாது, வழிவழியாக வந்துகொண்டிருக்கும். சொன்னவர் நம்பத்தக்கவர் என்று தெரிந்தால் அது உரைக்குள் அடங்கும். தெரியாவிட்டால் தன் காலில் நிற்க அதற்குத் தகுதி கிடையாது. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையின் செங்குத்தான பாறைப் பிளவை நாம் இராவணன் வெட்டு என்கிறோம். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் இராவணன் தன் தாயின் கிரியைக்காகத் தோற்றுவித்ததாகச் சொல்கிறோம். இரண்டும் ஐதிகம்.

ஐதிகம் என்று சொல்வதில் அவமதிப்பு எதுவுமில்லை. அந்தியேட்டிக்காகக் கன்னியாவுக்கு வந்த குடும்பம் ஒன்றைப் பாருங்கள். சதுரமாகக் கட்டிய, ஆழம் குறைந்த கிணறுகள். அடித்தளம் கண்ணுக்குத் தெரியும். வாளியால் அள்ளி ஒரு கிணற்று நீரைத் தலையில் ஊற்றி, அடுத்த கிணற்றுக்கு நகர்கிறார்கள். ஒன்றின் சூடு மற்றதற்கு இல்லை என்பதைத் தோலே சொல்கிறது, அது காண்டல். நிலத்தடியில் ஆழத்துக்கு இறங்கிய நீர் பாறைச் சூட்டை ஏற்று வெடிப்புகள் வழியே மேலே வருகிறது என்பது கருதல். தாயை இழந்த மகன் அங்கே நீராடுவதற்கான காரணம் இந்த இரண்டிலும் இல்லை. அது வழிவழி வந்த கதையிலும் கடமையிலும் இருக்கிறது. மூன்றும் ஒரே கிணற்றடியில் ஒன்றையொன்று கெடுக்காமல் இருக்கின்றன. கதையைப் புவியியல் என்று வாதிடும்போதும், புவியியலைக் காட்டி அந்த மகனின் துக்கத்தைப் பார்த்துச் சிரிக்கும்போதும்தான் கேடு வருகிறது. அளவையைப் படித்தவர் இரண்டையும் செய்யமாட்டார்.

கோணேசர் கோயிலின் வரலாற்றிலேயே மூன்று அளவைகளும் ஒன்றையொன்று தாங்கி நின்றதைக் காணலாம். கடல் சூழ்ந்த மலையில் கோணமாமலை அமர்ந்தவரைச் சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில் பாடிய பதிகம் உரை. 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, கற்களைக் கோட்டைக்கு எடுத்தார்கள். அதன்பின் மூன்று நூற்றாண்டுக்கு மேலாக அந்தப் பதிகத்துக்குக் கண்ணால் காட்ட அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. 1950இல் நகரில் கிணறு வெட்டும்போது சோமாஸ்கந்தர் உள்ளிட்ட செப்புத் திருமேனிகள் மண்ணுக்குள்ளிருந்து வந்தன. 1956இல் மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் சுவாமிமலையடிக் கடலில் இறங்கி, இடிந்த கோயிலின் கற்களைக் கண்டார்கள். இவை காண்டல். இடிப்பவர் கைக்கு எட்டாதபடி அடியார்கள் திருமேனிகளைப் புதைத்திருக்கவேண்டும் என்பது கருதல். 1963இல் கும்பாபிஷேகம் நடந்தபோது கூடிய கூட்டம் பதிகத்தை நம்பி வந்தது. அந்த நம்பிக்கைக்குக் கிணற்றடி மண்ணும் கடலடிக் கல்லும் சாட்சியாக இருந்தன.

இனி மரபின் உட்பிரிவுகளுக்கு வருவோம். மெய்கண்டாரின் சிவஞானபோதத்துக்கு 12 சூத்திரங்கள், மொத்தம் 40 அடிகள். ஒவ்வொரு சூத்திரமும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்ற முறையில் விரிகிறது. சொல்லவந்ததைச் சொல்லி, காரணம் காட்டி, உதாரணத்தால் உறுதிசெய்வது நியாய நூலாரின் வாத முறை. அதையே ஒரு முத்தி நூலுக்கு எலும்புக்கூடாக வைத்தார் அவர். அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதால் அதைத் தோற்றுவித்தவன் ஒருவன் வேண்டும் என்ற முதற் சூத்திரமே ஓர் அனுமானம். அதை ஏற்காதவர் எந்த இடத்தில் மறுக்கவேண்டும் என்பதும் அங்கேயே தெரிகிறது. மறுக்க இடம் காட்டும் நூலைத்தான் வாதத்துக்கு உரிய நூல் என்று நான் மதிப்பேன்.

அருணந்தியார் சித்தியாரின் பரபக்கத்தில் உலகாயதன் முதல் பாஞ்சராத்திரி வரை 14 தரப்புகளை எடுத்து, முதலில் அவர்கள் கொள்கையை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து, பிறகு மறுக்கிறார். இவற்றில் பௌத்தர் மட்டும் நான்கு தரப்பு. நம் மாவட்டத்தில் இருப்பவருக்கு இது ஏட்டுச் செய்தியாக மட்டும் இருக்க முடியாது. நகருக்கு வடமேற்கே பெரியகுளத்தருகே இராசராசப் பெரும்பள்ளி எனப்பட்ட வெல்கம் விகாரை இருக்கிறது. விளக்கெரிக்கப் பசுக்களும் காசும் கொடுத்த தமிழ்ப் பௌத்தரின் கல்வெட்டுகள் அங்கே தமிழிலேயே வெட்டப்பட்டுள்ளன. பரபக்கத்தில் வாதிடும் சௌத்திராந்திகனும் வைபாடிகனும் எங்கோ இருந்த அந்நியர் அல்லர். ஒரு காலத்தில் இந்த மண்ணிலேயே தமிழ் பேசியவர்களின் சமயத்தார். உமாபதி சிவாசாரியார் 1313இல் சங்கற்ப நிராகரணம் எழுதினார். அவர் அதில் வாதிடுவது பெரிதும் அருகிலிருந்தவர்களோடு: மாயாவாதி, ஐக்கியவாதி, பாடாணவாதி, சிவசமவாதி என்று, சைவத்துக்குள்ளும் சைவத்தை ஒட்டியும் நின்றவர்களோடு. தூரத்தவரை மறுப்பதைவிட அண்டை வீட்டுக்காரரை மறுப்பது கடினம். அதற்கு அளவை இன்னும் நுட்பமாக வேண்டும்.

அந்த நுட்பம் உச்சத்துக்குப் போனது சித்தியார் உரைகளில். சுபக்கத்துக்கு ஆறு உரைகள்: மறைஞான தேசிகர், சிவாக்கிரயோகி, நிரம்ப அழகிய தேசிகர், ஞானப்பிரகாசர், சிவஞான முனிவர், சுப்பிரமணிய தேசிகர். இவர்களுள் ஞானப்பிரகாசர் நம் நாட்டவர். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பிறந்தவர். போர்த்துக்கேய அதிகாரிக்கு வீட்டு முறைப்படி பசு கொடுக்கவேண்டி வந்ததால் ஊரைவிட்டுப் போனார் என்பது செவிவழிக் கதை. சிதம்பரத்தில் அவர் பெயரால் குளம் இருக்கிறது. வடமொழியில் சிவஞானபோதத்துக்கும் பௌட்கர ஆகமத்துக்கும் விருத்தி எழுதியவர். பிரமாண தீபிகை என்று அளவைக்காகவே ஒரு நூல் செய்தவர். கோயில்கள் இடிக்கப்பட்ட நாட்டிலிருந்து தப்பிப்போன ஒருவர், ஆத்திரத்தில் வசை எழுதியிருக்கலாம். அவர் அறிவின் அளவுகோல்களைப் பற்றி எழுதினார். அந்த மனவுறுதிக்கு முன் நான் தலைவணங்குகிறேன்.

18ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறைச் சிவஞான முனிவர் அவரைக் கடுமையாக மறுத்தார். முத்தியில் உயிர் சிவனுக்குச் சமமாகிறது என்ற பக்கம் ஞானப்பிரகாசர் உரை சாய்கிறது என்பது குற்றச்சாட்டு. சிவசமவாத உரை மறுப்பு என்றே நூலுக்குப் பெயர் வைத்தார் முனிவர். முத்தியிலும் உயிர் சிவன் திருவடியைச் சார்ந்தே நிற்கும், ஐந்தொழில் அதற்கு இல்லை என்பது அவர் நிலை. கோட்பாட்டில் நான் முனிவர் பக்கம். ஆனால் ஞானப்பிரகாசரை முனிவரின் மறுப்பு வழியாக மட்டும் அறிந்து ஒதுக்குவது சித்தாந்த முறையே அல்ல. பரபக்கத்தில் பிறர் கொள்கையை முதலில் முழுதாகச் சொல்லவேண்டும் என்று அருணந்தியார் வகுத்த ஒழுங்கு உரையாசிரியர்களுக்கும் உரியதுதான். முனிவரின் பெருமைக்கு இன்னொரு சான்று சொல்லவேண்டும்: வடமொழித் தருக்க சங்கிரகத்தைத் தமிழில் தந்தவரும் அவரே. வாதிடுவதற்கு முன் வாத இலக்கணத்தை மாணவன் கையில் கொடுத்தார்.

இந்த ஆறு உரைகளையும் அருகருகே வைத்து இக்காலத் தத்துவ முறையில் ஆராய்ந்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வ. ஆ. தேவசேனாபதி. சித்தியாரையும் அதன் ஆறு உரைகளையும் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1960இல் வெளிவந்தது. உரையாசிரியர்கள் எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே பிரிகிறார்கள் என்பதை இட்டுக்கட்டாமல் அவர் எடுத்துரைக்கிறார். அளவை பற்றிய பகுதியில் அவர் விளக்கும் ஒன்று எல்லாவற்றிலும் முக்கியம். கண்ணோ, புகையோ, ஆகமமோ தன்னளவில் அளவை ஆகாது. ஐயமும் திரிபும் நீங்கி நிற்கும் உயிரின் அறிவாற்றலே, அதாவது ஆன்ம சிற்சத்தியே, அளவை. மற்றவை அதற்குத் துணைகள்.

நம்பிக்கையும் பகுத்தறிவும் எந்த இடத்தில் சந்திக்கின்றன என்ற கேள்விக்குச் சித்தாந்தத்தின் விடை இதிலிருந்து கிடைக்கிறது. ஆகமம் சொல்கிறது என்பதால் மட்டும் ஒன்று எனக்கு அறிவாகாது. என் அறிவு அதை ஏற்கவேண்டும். அதே வேளை என் அறிவு ஆணவத்தால் மறைக்கப்பட்டிருக்கிறது. கண் நன்றாக இருந்தாலும் ஒளி இல்லாமல் பார்க்காது என்று மெய்கண்டார் மரபு சொல்லும். பாசஞானமும் பசுஞானமும் சிவனை எட்டாது, பதிஞானமே எட்டும் என்று சித்தியார் சொல்வது அறிவைத் துரத்திவிடுவதற்காக அல்ல. சுட்டி அறியப்படுவது அழியும், எவ்வகையாலும் அறியப்படாதது இல்லை, சிவன் இரண்டிலும் சேராதவன் என்று ஆறாம் சூத்திரம் வாதிட்ட பிறகுதான் அந்த எல்லை வரையப்படுகிறது. அறிவின் எல்லையை அறிவைக்கொண்டே வரைந்த பிறகு அருளுக்கு இடம்விடுவது ஒன்று. தொடக்கத்திலேயே அறிவை வெளியே நிறுத்துவது வேறொன்று. முதலாவதே சித்தாந்தம்.

ஏறக்குறைய இதே கேள்வியை உலகின் மற்றப் பகுதிகளிலும் பெரியவர்கள் எடுத்தார்கள். மெய்கண்டார் காலத்தை ஒட்டி ஐரோப்பாவில் தோமஸ் அக்குவினாஸ் (1225–1274), இறைவன் உண்டு என்பதை அறிவால் காட்டலாம், திரித்துவம் போன்றவற்றை வெளிப்பாட்டால் மட்டுமே அறியலாம் என்று பிரித்தார். அவருக்கு முன்பே இமாம் கஸ்ஸாலி தத்துவவாதிகளை மறுத்தார், இப்னு ருஷ்த் கஸ்ஸாலியை மறுத்தார். கிண்ணியாவிலும் மூதூரிலும் மதரசாவில் படித்தவர்களுக்கும், நம் நகரக் கத்தோலிக்கக் குருமாருக்கும் இந்தப் பெயர்கள் அறிமுகமானவை. சித்தியாரின் அளவையை அவர்களோடு உட்கார்ந்து பேசலாம். பொதுவான தளம் இருக்கிறது.

பிற்காலத்தவரில் சுழிபுரம் விக்டோரியாக் கல்லூரி அதிபர் சு. சிவபாதசுந்தரம் 1934இல் இலண்டனில் வெளியிட்ட ஆங்கில நூலால் சைவசித்தாந்தத்தை உலக வாசகர் முன் வைத்தார். காசியிலும் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலும் கற்பித்த கி. சிவராமன் 1973இல் வெளியிட்ட நூலில், சித்தாந்தத்தின் கருத்துகளோடு அதன் பிரச்சினைகளையும் முறையையும் சேர்த்து ஆராய்ந்தார். படிக்கச் சிரமமான நூல், சிரமப்படத் தகுந்தது. நம் ஊரோடு நேரடியாகச் சேர்ந்தவர் சுவாமி விபுலாநந்தர். இலண்டன் விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பட்டமும் பெற்ற அந்தத் துறவி, 1920களில் திருக்கோணமலை இந்துக் கல்லூரியில் பணிசெய்தார். பழந்தமிழ் யாழின் சுருதிகளைக் கணிதத்தால் கணக்கிட்டு யாழ் நூல் தந்த அவருக்கு, பக்தியும் கணக்கும் வேறு வேறு அறைகளில் இருக்கவில்லை.

இன்று நம் பாடசாலைகளில் க.பொ.த. உயர்தரத்துக்கு இந்து நாகரிகமும் ஒரு பாடம், அளவையியலும் ஒரு பாடம். ஒரே கட்டடத்தில் இரண்டும் நடக்கின்றன. அளவையியல் வகுப்பில் அரிஸ்டோட்டிலின் நியாயத்தொடையைப் படிக்கும் மாணவி, அடுத்த வகுப்பில் சிவஞானபோதத்தைக் குறிப்பாக மனப்பாடம் செய்கிறாள். அந்த நூலும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று நடக்கிறது என்பதைச் சொல்ல ஓர் ஆசிரியர் போதும். புகையால் நெருப்பையும், குளிர் இல்லாமையால் பனி இல்லாமையையும் அறியும் சித்தியாரின் ஏதுக்களைக் கரும்பலகையில் எழுத ஒரு பாடவேளை போதும்.

கோயில் மண்டபங்களில் வாரந்தோறும் சித்தாந்த வகுப்பு நடத்துபவர்களிடம் நான் வேண்டுவதும் இதுவே. அடுத்த முறை முப்பொருளில் தொடங்கவேண்டாம். அளவை 14 பாடல்களை எடுங்கள், கூடவே முனிவர் தமிழில் தந்த தருக்க சங்கிரகத்தை வையுங்கள். உரை படிக்கும் நாள் வந்ததும் ஞானப்பிரகாசரை முழுதாக வாசித்து, அவர் சொல்வது இன்னதென்று வகுப்பில் உள்ள எல்லோரும் தம் சொல்லில் சொன்ன பிறகு முனிவரின் மறுப்பைத் திறவுங்கள்.