கிழங்கு மூட்டையும் ஒரு கிரவுண்டு நிலமும்

ஆங்கிலேயரைப் பிறர் ஏளனம் செய்தது உண்டு. ஆயினும் அவர்களை நுட்பமாக நகையாடியவர் அவர்களுள் ஒருவரான ஈ. எம். ஃபாஸ்டரே எனலாம். 1936இல் வெளிவந்த அவருடைய ‘அபிஞ்சர் ஹார்வெஸ்ட்’ தொகுப்பில் இரு கட்டுரைகள் உள்ளன. ஒன்று ஆங்கிலேயர் இயல்பைப் பற்றியது. மற்றொன்று தாம் விலைக்கு வாங்கிய சிறு காட்டைப் பற்றியது. இவை தனித்தனியே படிக்கப்படுகின்றன. சேர்த்துப் படித்தாலன்றி அவற்றின் முழுப்பொருள் விளங்காது என்பது நம் கருத்து.

ஆங்கிலேயனுக்கு இதயம் இல்லாமலில்லை, அது வளர்க்கப்படவில்லை என்பது முதற்கட்டுரையின் சாரம். ஒரு வாரப் பயணம் முடிந்து பிரிகையில் இந்திய நண்பர் கலங்குகிறார். இத்துணைச் சிறு பிரிவுக்கு இவ்வளவு துயரமா எனக் கடிகிறார் ஃபாஸ்டர். உணர்ச்சியைக் கிழங்கு மூட்டைபோல் நிறுத்தா கொடுப்பது எனச் சீறுகிறார் நண்பர். அவர் சர் சையது அகமது கானின் பேரரான ராஸ் மசூதே என்பர். 1924இல் வந்த ‘எ பாசேஜ் டு இந்தியா’ நாவல் அவருக்கே காணிக்கையாக்கப்பட்டது.

அந்நாவலின் வருவாயில்தான் ஃபாஸ்டர் காட்டை வாங்கினார். நிறுத்துப் பார்க்காத நட்பில் விளைந்த நூல், அளந்து வாங்கிய நிலமாயிற்று! உடைமை தம்மைக் கனக்கச் செய்தது. எல்லையை விரிக்கத் தூண்டியது. எதையேனும் செய்துகொண்டே இருக்க ஏவியது. பழம் பறிக்க வந்தோரை வெறுக்க வைத்தது என்று அவர் நகைக்கிறார்.

இந்நகைப்பைத் தாம்பரத்திலிருந்து படிப்போர்க்கு வேறொன்றும் தோன்றும். 1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து செங்கல்பட்டுச் சீமையை ஜாகீராகப் பெற்ற கும்பினியார், அதை நவாபுக்கே குத்தகைக்கு விட்டனர். கனமின்றி உடைமை கொள்ளும் கலை இதுவே போலும்! மிராசு உரிமையை ஆராய்ந்து 1816இல் எழுதிய எல்லிஸ் போன்ற தமிழறிந்த அதிகாரியும் அவர்களிடையே இருந்தார் என்பதையும் மறைப்பதற்கில்லை.

எனினும் பழியை அவர்கள்மீதே சுமத்துதல் நேர்மையாகாது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு வந்து 365 ஏக்கரில் குடியேறியது. அதை வளர்த்தோரில் முதன்மையானோர் ஸ்காத்லாந்தியர். ஆங்கிலேயர் என்றால் முகஞ்சுளிப்பர். அவ்வளாகத்தில் இன்னும் காடு இருக்கிறது. சுற்றிலும் நிலத்தைக் கிரவுண்டு கணக்கில், அதாவது 2,400 சதுர அடியாக, கூறுபோட்டவர்கள் நாமே. வரிக்கணக்குக்கு அப்பாற்பட்ட பொதுநிலத்தைக் குறித்த ‘புறம்போக்கு’ இன்று வசைச்சொல்லாகிவிட்டது. ஃபாஸ்டர் சொன்ன நான்கு நோய்களும் நமக்கும் உண்டு. அவருடைய நகைச்சுவைதான் இல்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரில் வீடுகளுக்குள் புகுந்தபோது, எவருடைய பட்டாவையும் அது கேட்கவில்லை.

ஃபாஸ்டரின் குறை இங்கேதான். அவர் சிரிப்பு உடையவனின் சிரிப்பு. வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் என்ன நினைத்தான் என்பதை அக்கட்டுரை கேட்பதில்லை. காட்டை வாங்கியவனின் மனமே அதன் முழு உலகம். மசூதின் குரலைக் கேட்கத் தெரிந்தவர், பழம் பறித்தோரின் குரலைக் கேட்டாரில்லை. எனினும் அக்காடு இன்று நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளையின் பாதுகாப்பில் உள்ளது என்பது நோக்கத்தக்கது. உடைமையை நிறுத்திவைத்துப் பயனைப் பொதுவாக்கும் இவ்வழியை ‘வக்ஃபு’ என்னும் சொல்லால் நாம் நெடுங்காலமாக அறிவோம். அறிந்ததை எத்தனை ஏரிக்கரைகளில் கடைப்பிடித்தோம் என்பதே நம்முன் உள்ள வினா.