வெள்ளி வண்ணம் சொல்லும் பொய்

வண்ணம் பூசாத உலோகத் தோலோடு பறந்த ஜெட் விமானங்களின் சிறு மாதிரிகளை நீங்கள் கண்காட்சிகளிலோ படங்களிலோ பார்த்திருக்கலாம். அவற்றுள் பெரும்பாலானவை மூக்கிலிருந்து வால் வரை ஒரே வெள்ளி நிறத்தில், துலக்கிக் கவிழ்த்த எவர்சில்வர் டம்ளர்போல் மின்னுகின்றன. பார்ப்போர் வியக்கிறார்கள், செய்தவருக்குப் பாராட்டும் கிடைக்கிறது. ஆனால் உண்மையான விமானம் அப்படித்தான் இருந்ததா? இல்லை. கைத்திறனில் குறை காண்பது நம் நோக்கமன்று. இங்கே உள்ள குறை அறிவியல் சார்ந்தது.

அளவு மாதிரி என்பது வெறும் பொம்மையன்று. 1/72 என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால், 72 சென்டிமீட்டர் இங்கே 1 சென்டிமீட்டர் ஆகிறது என்று அது உறுதிமொழி தருகிறது. இறக்கையின் நீளம் சிறிது தவறினாலும் குறை கூறுகிறோம். மேற்பரப்பை மட்டும் அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறோம். அந்த விமானத்தின் அருகில் என்றுமே நிற்க வாய்ப்பில்லாத மாணவருக்கு மாதிரிதானே சான்று?

எஃப்-100 சூப்பர் சேபர் என்னும் அமெரிக்கப் போர்விமானத்தை எடுத்துக்கொள்வோம். 1953 மே 25 அன்று அதன் முதல் பறப்பிலேயே ஒலியின் வேகத்தை மிஞ்சியது. 1960களின் நடுவில் வியட்நாம் போருக்காகப் பச்சையும் பழுப்புமான மறைப்பு வண்ணம் பூசப்படும்வரை, இவ்வகை விமானங்கள் பல உலோக நிறத்திலேயே பறந்தன. எடையும் பூச்சு வேலையும் மிச்சம் என்பதால், இரண்டாம் உலகப் போரின் பிற்பகுதியிலேயே அமெரிக்காவில் இவ்வழக்கம் பரவியிருந்தது.

இந்த விமானத்தின் உடல் ஒரே உலோகத்தாலானதன்று. பெரும்பகுதி அலுமினியக் கலவை. பின்பகுதியில், ஜெட் எஞ்சினையும் பின்னெரிப்பானையும் சுற்றி, வெப்பம் தாங்கும் டைட்டானியம் கணிசமாகப் பயன்பட்டது. மெருகிட்ட தூய அலுமினியம் தன்மீது விழும் ஒளியில் சுமார் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். டைட்டானியமோ பாதியைச் சற்றே மிஞ்சிய அளவுதான். ஆகவே இரண்டும் அருகருகே இருக்கும்போது நிற வேறுபாடு கண்ணுக்கே தெரியும். மேலும், சூடேறிய டைட்டானியத்தின்மீது ஆக்சைடு படலம் வளர்கிறது. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் சில பங்கே. படலத்தின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் பிரதிபலிக்கும் ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் வைக்கோல் மஞ்சளும் ஊதாவும் நீலமும் தோன்றுகின்றன. மழைநீரில் மிதக்கும் எண்ணெய் காட்டும் நிறங்களும் இப்படிப் பிறந்தவையே. சூப்பர் சேபரின் வாற்பகுதியில் தெரிந்த இந்த நிறங்கள், எஞ்சின் எங்கே எவ்வளவு சூடேறியது என்பதைக் காட்டும் வரைபடம் போன்றவை. ஒரே வெள்ளியைத் தெளிப்பவர் அந்த வரைபடத்தை அழித்துவிடுகிறார்.

அடுத்து, பூச்சைக் கவனியுங்கள். வெள்ளி வண்ணத்தில் மினுக்குவன அலுமினியச் செதில்கள். ஒரு செதிலின் அகலம் 0.02 மில்லிமீட்டர் என்று கொள்வோம். 72ஆல் பெருக்கினால் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர்! உண்மை விமானத்தின்மீது ரவையை ஒட்டியது போன்ற சொரசொரப்பு இது. மாதிரியில் உப்புத்தாள் விட்ட 0.1 மில்லிமீட்டர்க் கீறலும் அப்படியே. விமானத்தில் அது 7 மில்லிமீட்டர் அகலப் பள்ளமாகிவிடும். நுண்செதில் கொண்ட லாக்கர் பூச்சுகள் இதனினும் மேலானவை. பளபளக்கும் கறுப்பு அடிப்பூச்சின்மேல் மெல்லியதாகத் தெளித்தால், உலோகப் படலத்தை ஊடுருவும் ஒளியைக் கறுப்பு விழுங்கிவிடும். எஞ்சுவது தெளிவான பிரதிபலிப்பு. ஆனால் இவற்றின் கரைப்பான் பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கை அரிக்கக்கூடும் என்பதால் தகுந்த அடிப்பூச்சு தேவை.

சமையலறையில் உணவைப் பொதியும் அலுமினியத் தாளை ஒட்டுவது இன்னொரு முறை. அதன் கனம் சுமார் 0.016 மில்லிமீட்டர், 72ஆல் பெருக்கினால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதாவது விமானத் தகட்டின் கனத்தையே நெருங்குகிறது! உலோகமும் உண்மையானது. ஆயினும் மூக்குப் பகுதி போன்ற இருதிசை வளைவுகளில் தாள் சுருங்கிவிடும். தட்டையான பரப்பை நீட்டாமலும் கிழிக்காமலும் கோளத்தின்மீது படியவைக்க முடியாது என்பது 1827இல் காஸ் நிறுவிய கணித உண்மையின் விளைவு. எனவே தாளைச் சிறு துண்டுகளாக வெட்டித் தேய்த்து ஒட்டுதல் நலம். உண்மை விமானமும் துண்டுத் தகடுகளால் ஆனதுதானே!

இதற்கு நேரெதிரான மிகையும் உண்டு. தகட்டுக்குத் தகடு நிறத்தை மாற்றிச் சதுரங்கப் பலகைபோல் ஆக்கிவிடுகிறார்கள் சிலர். ஒரே கலவையாலான பக்கத்துத் தகடுகள் பெரும்பாலும் ஒத்தே இருக்கும். நிறம் மாறுவதற்கு வேறு உலோகமோ வெப்பமோ தேய்மானமோ காரணமாக இருக்கவேண்டும். காரணமற்ற வேறுபாடு வெறும் அலங்காரம்.

‘மாதிரி என்பது கலைதானே, அழகாயிருந்தால் போதாதா?’ என்று கேட்கலாம். அழகு வேண்டியதே. ஆனால் அந்தக் கலை அளவின் பெயரால் நம்பிக்கை கோருகிறது. ‘உலோக நிறம்’ எனப்படும் எல்லாமே வெற்று உலோகமும் அன்று. இரண்டாம் உலகப் போர்க்கால மஸ்டாங் விமானத்தில் உடல் வெற்று உலோகமாயிருக்க, இறக்கைகளின் மூட்டுகளை அடைத்து வெள்ளி வண்ணம் பூசினார்கள். சூப்பர் சேபர்கள் பலவும் அரிமானத்தைத் தடுக்கப் பின்னாளில் அத்தகைய பூச்சைப் பெற்றன. அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானமும் மறுபூச்சு பெற்றிருக்கலாம். அதை மட்டும் நம்பிப் பயனில்லை.

ஆகவே தெளிப்பானைக் கையில் எடுக்குமுன், நீங்கள் செய்யப்போகும் விமானத்தின் ஆண்டு தெரிந்த புகைப்படம் ஒன்றைத் தேடுங்கள். எந்தப் பகுதி எந்த உலோகம், எது பூசப்பட்டது, எது சூடேறியது என்று ஒரு தாளில் குறியுங்கள். படத்தில் மேற்பரப்பு நீலமாகத் தெரிந்தால் அது வானத்தின் பிரதிபலிப்பா என்றும் பாருங்கள். இந்தக் குறிப்பைத் தயாரிக்க ஒரு மாலைப்பொழுது போதும். கண்காட்சி நடத்துவோரும் மாதிரியின் அருகே அக்குறிப்பை வைக்கச் சொன்னால், பார்க்க வரும் மாணவர் மினுக்கைக் கண்டு வியப்பதோடு அதன் காரணத்தையும் கற்றுச் செல்வார்.