கித்தோவின் எரிமலைகளை ரசிக்க ஒரு வரிசை

ஈக்வடாரின் தலைநகர் கித்தோ, ஆண்டிஸின் இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே 2,850 மீட்டர் உயரத்தில் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. மேற்கே பசிபிக் கடலின் அடித்தட்டு தென்னமெரிக்கக் கண்டத்துக்குக் கீழே சரிந்து நுழைகிறது. அதோடு உள்ளே போகும் நீர் ஆழத்துப் பாறையின் உருகுநிலையைத் தாழ்த்திவிடுகிறது. அப்படி உருகி மேலெழுந்த குழம்புதான் நகரத்தின் இரு பக்கமும் எரிமலைகளாக நிற்கிறது. இவற்றில் பலவற்றுக்குக் காலையில் கிளம்பிப் போய் மாலைக்குள் திரும்பிவிடலாம். கயிறோ பனிக்கோடரியோ வேண்டாம். நல்ல கால்களும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதல்முறை வருபவர்கள் பலரும் வந்திறங்கிய மறுநாளே ரோப் கார் பிடித்து ரூக்கு பிச்சிஞ்சாவுக்கோ, வண்டி வைத்துக்கொண்டு கோட்டோபாக்ஸிக்கோ போய்விடுகிறார்கள். இரண்டுமே வீண். தலைவலியோடு பார்த்த மலை மனதில் நிற்பதில்லை. உயரம் குறைந்ததில் தொடங்கி மேலே போவதுதான் முறை: புலுலாவா, பசோச்சோவா, ரூக்கு பிச்சிஞ்சா, குவாகுவா பிச்சிஞ்சா, கடைசியாகக் கோட்டோபாக்ஸி. உடம்பு பழகுவதற்கான இந்த வரிசை கண்ணுக்கும் பொருந்திவருகிறது. ஐந்தும் எரிமலையின் வாழ்வில் ஐந்து வேறுவேறு நிலைகளில் இருப்பதால், முதலில் பார்த்தது அடுத்ததைப் படிக்கக் கற்றுத்தரும்.

எவ்வளவு உயரே போனாலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். கித்தோவிலேயே அது கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. 4,700 மீட்டரில் ஐந்தில் மூன்று பங்குகூட இல்லை. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அதே கணக்கில் குறையும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்த மலைநோயை அங்கே 'சொரோச்சே' என்கிறார்கள். பெருவிலும் பொலிவியாவிலும் இதற்குக் கோகா இலைத் தேநீர் நீட்டுவார்கள். ஈக்வடாரில் அந்தப் பழக்கம் அவ்வளவாக இல்லை. நகரத்தில் இரண்டு மூன்று நாள் சும்மா சுற்றிவிட்டு மலைக்குப் போவதும், தலைவலி கூடினால் உடனே கீழே இறங்குவதும்தான் நம்பகமான மருந்து. நடக்கும்போது இரண்டு வாக்கியம் மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகமே சரியான வேகம். அந்த வேகத்தில் போகிறவருக்குத்தான் காலடியில் கிடப்பதும் கண்ணில் படும்.

நகரத்துக்கு வடக்கே, பூமத்தியரேகை நினைவுச்சின்னத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது புலுலாவா. கூம்பு வடிவ மலையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். பார்வைமேடையில் தரை சட்டென்று முடிந்து, கீழே சில கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பள்ளம் விரிகிறது. அதன் தரையில் மக்காச்சோள வயல்கள், வீடுகள், மேயும் மாடுகள். சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முந்தைய பெருவெடிப்புகளில் அடியிலிருந்த குழம்பு வெளியேறிவிட, தாங்குவதற்கு எதுவும் இல்லாத மேற்பகுதி உள்ளே சரிந்ததில் உண்டான குழி அது. அப்போது பொழிந்த சாம்பல், இன்றைய கித்தோவின் வடபகுதியில் கோட்டோகொய்யாவோ என்ற இடத்திலிருந்த தொல்குடியிருப்பை மூடியது. பள்ளத்துக்குள் காடு மூடிய குன்றுகள் சில நிற்கும். குழைவில்லாத கெட்டிக் குழம்பு ஓட முடியாமல் வாய்க்கு மேலேயே குவிந்து உறைந்தால் இப்படித்தான் ஆகும்; இவற்றைக் குழம்புக் குவிமாடங்கள் என்பார்கள். இந்த உருவத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், குவாகுவாவில் மறுபடி வரும். பார்வைமேடையிலிருந்து தரைவரை வளைந்து வளைந்து ஒரு பாதை இறங்குகிறது. இறங்குவது சுலபம், திரும்பி ஏறும்போதுதான் உடம்பு எந்த அளவுக்குப் பழகியிருக்கிறது என்பது தெரியும். காலையிலேயே போய்விடுவது நல்லது. மதியத்துக்குப் பிறகு மேற்கேயுள்ள திறப்பு வழியாக மூடுபனி நுழைந்து, பானையில் பால் பொங்கி வருவதுபோல விளிம்புவரை ஏறிவிடும்.

தெற்கே உள்ள பசோச்சோவா அணைந்து வெகுகாலம் ஆன எரிமலை. 4,200 மீட்டர் உயரமுள்ள இதன் ஒரு பக்கச் சுவர் முற்றிலும் போய், வாய் மேற்கு நோக்கிக் குதிரைலாடமாகத் திறந்து கிடக்கிறது. லாடத்தின் உட்பக்கம் பழைய ஆண்டிஸ் காடு. செங்குத்தான சரிவு ஏருக்கு ஒத்துவராததால்தான் பெரும்பாலும் அது பிழைத்தது. காகிதம் காகிதமாகப் பட்டை உரியும் பாலிலெபிஸ் மரங்களை இங்கே பார்க்கலாம். ஆண்டிஸில் மரங்கள் எட்டும் உயரத்தின் எல்லையில் வளர்பவை இவை. உச்சிக்குப் போக நினைப்பவர்கள் வெளிப்பக்கத்துப் புல்வெளி வழியாக ஏறுவார்கள். மேலே போனதும் எதிர்ப்பக்கம் தரை அறுந்து விழும்போதுதான், இவ்வளவு நேரம் நடந்தது ஓர் எரிமலைவாயின் முதுகில் என்பது உறைக்கும்.

ரூக்கு பிச்சிஞ்சாவுக்குத்தான் அதிகப் பேர் போகிறார்கள். 2005-இல் தொடங்கிய ரோப் கார் நகரத்தின் மேற்கு விளிம்பிலிருந்து சுமார் இருபது நிமிடத்தில் குருஸ் லோமா என்ற முகட்டில், ஏறக்குறைய 3,950 மீட்டரில் இறக்கிவிடுகிறது. கால் வலிக்காமல் கிடைத்த உயரம் என்பதால் அது உடம்புக்குப் பழகாத உயரமும்கூட. மேலே இறங்கியதும் முகட்டில் கால்மணி நேரமாவது உட்கார்ந்திருந்துவிட்டு நடையைத் தொடங்கலாம். அந்த நேரத்தில் பார்ப்பதற்கும் நிறைய இருக்கிறது: கிழக்கே காயாம்பே, அந்திசானா, தெற்கே கோட்டோபாக்ஸி. வானம் தெளிவாக இருந்தால் மூன்றின் பனியும் ஒரே சுற்றுப் பார்வையில் அடங்கும்.

அங்கிருந்து சுமார் 4,700 மீட்டர் உச்சிவரை பாதை பாராமோ வழியாகப் போகிறது. காட்டுக்கு மேலே, பனிக்குக் கீழே விரியும் ஈரமான மலைப்புல்வெளிக்கு அந்தப் பெயர். தூரத்திலிருந்து வெறும் பழுப்புப் புல்லாகத் தெரியும் என்பதால் பலர் இதைக் கடந்துபோக வேண்டிய இடமாகவே நினைத்துவிடுகிறார்கள். நடையின் பாதி ருசி இங்கேதான் இருக்கிறது. பூமத்தியரேகையில் கோடை, குளிர்காலம் என்று ஆண்டு பிரிவதில்லை. வெயிலும் உறைபனியும் ஒரே நாளில் மாறி மாறி வரும். எல்லாத் தாவரமும் அதற்கேற்ற உபாயம் செய்துவைத்திருக்கிறது. புற்கள் கற்றை கற்றையாக நின்று, காய்ந்த தாள்களை உதிர்க்காமல் உள்ளே முளைக்கும் குருத்துக்குப் போர்வையாக்குகின்றன. சில செடிகள் நெருக்கமாகத் தரையோடு அழுந்தி, கையால் அழுத்தினால் கெட்டியாக இருக்கும் பச்சை மெத்தைகளாகிவிட்டன. அவற்றின் மேல் கால் வைக்கக்கூடாது. மிக மெதுவாக வளர்பவை, ஒரு மிதி ஆற நெடுங்காலம் ஆகும்.

நின்று பார்க்க வேண்டியது சுக்கிராகுவா. இடுப்புயரப் புதர், இலைகள் சின்னதாய், தோல்போலத் தடித்து, நுனியில் முள்ளோடு தண்டைச் சுற்றி அடுக்கடுக்காய் இருக்கும். அதன் உச்சியில் செதில் செதிலாகச் செம்மஞ்சள் பூ. அருகே சத்தமில்லாமல் காத்திருந்தால், ஊதாத் தலையும் வெள்ளை வயிறுமாக ஒரு ரீங்காரச்சிட்டு வர வாய்ப்புண்டு. தாழ்நிலத்து உறவுகளைப்போல அந்தரத்தில் சிறகடித்தபடி தேன் குடிக்கும் ஆடம்பரம் இதற்குக் கட்டுப்படியாகாது. தண்டைக் காலால் பற்றி உட்கார்ந்துகொண்டே குடிக்கும். மெல்லிய காற்றில் சக்தியை மிச்சம் பிடிக்கும் வழி அது. இரவில் உடல் வெப்பத்தைப் பெருமளவு தாழ்த்திக்கொண்டு மரத்துப்போய் விடியும்வரை காத்திருக்கும்.

உயரத்தோடு செடிகள் மாறுவதை ஓர் ஒழுங்காகப் பார்த்துப் படமாக வரைந்தவர் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட். 1802-இல் பிச்சிஞ்சாவிலும் சிம்போராசோவிலும் ஏறிய அவர், மலையின் குறுக்குவெட்டில் எந்த உயரத்தில் எந்தத் தாவரம் என்று பெயர்களை எழுதி 1807-இல் வெளியிட்டார். ஏறும்போது அந்தப் படத்தைத் தானே வரைவதாக நினைத்துக்கொண்டு, மரம் எங்கே நின்றது, புதர் எங்கே முடிந்தது, புல் எங்கே மெலிந்தது என்று கவனித்தால் உயரமானியே தேவைப்படாது.

பாதை அறுத்துச் சென்ற மண்சுவரையும் விட்டுவிடக்கூடாது. பாராமோவின் மண் கரிக்கறுப்பு. எரிமலைச் சாம்பலும் குளிரில் மக்க நேரமெடுக்கும் இலைதழையும் சேர்ந்த அந்த மண் ஏராளமான நீரைப் பிடித்துவைத்து மெல்லக் கசியவிடும். கித்தோவின் குடிநீரில் பெரும்பங்கு பாராமோக்களிலிருந்து வருவதுதான். கறுப்புக்கு நடுவே வெளிறிய கோடுகள் தெரிந்தால் அவை வெடிப்புகளின் பதிவு. விரலால் சுரண்டிப் பார்த்தால், மாவுபோல உதிர்வது தொலைவிலிருந்து காற்றில் வந்த சாம்பல். பருக்கைக் கற்களாக, கையில் கனமே இல்லாமல் இருப்பது அருகில் வெடித்த நுரைக்கல்.

உச்சியை நெருங்கும்போது ஒரு மணல்சரிவும், அதற்குமேல் கை ஊன்றி ஏறும் பாறையும் வரும். ரூக்குவின் கூர்மையான உருவத்துக்குக் காரணம் அதன் முதுமை. மென்மையான சாம்பலும் சரளையும் அரித்துப்போய், உள்ளே உறைந்த கடினப்பாறை மட்டும் எலும்பாக நிற்கிறது. பாறை ஈரமாக இருந்தால் அதற்குக் கீழேயே திரும்பிவிடலாம், பெரிய நஷ்டமில்லை. மதியத்துக்குப் பிறகு மேகம் கூடி இடி இறங்கும். இந்த முகட்டில் மறைவிடமே இல்லை. மின்னல்தான் இங்கே உண்மையான ஆபத்து. பன்னிரண்டு மணிக்குள் கீழ்நோக்கி நடந்துகொண்டிருக்க வேண்டும். மேகம் முன்கூட்டியே வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டால் அலுத்துக்கொள்ளவும் வேண்டாம். பூமியின் வடிவத்தை அளக்க 1736-இல் வந்த பிரெஞ்சுக் குழுவின் புகேரும் லா கொந்தமினும் அளவீட்டுக்காக இந்த மலையில் ஒரு குடிசை போட்டு மூன்று வாரங்களுக்கு மேல் தெளிந்த வானத்துக்குக் காத்திருந்தார்கள்.

அதே மலைத்திரளின் இளைய உச்சி குவாகுவா, சுமார் 4,780 மீட்டர். யோவா கிராமத்திலிருந்து மண்சாலை மேலே போகிறது. தங்குகுடிலில் இருந்து விளிம்பு பக்கம்தான். விளிம்பில் நின்றதும் முதலில் தெரிவது கந்தக வாடை. கீழே சுமார் 700 மீட்டர் ஆழம். அடியில், புலுலாவாவில் காட்டுக்குள் பார்த்த அதே குவிமாடம், இங்கே செடியில்லாமல், புகைந்தபடி. 1660-இல் இது கித்தோவின் மேல் சாம்பலைக் கொட்டியது. 1999 அக்டோபரில் நகரத்துக்கு மேலே காளான் வடிவில் எழுந்த புகைத்தூணைப் படமெடுக்காத வீடு இருந்திருக்காது. 1993-இல் வாய்க்குள் இறங்கிய இரண்டு எரிமலை ஆய்வாளர்கள் நீராவி வெடிப்பில் இறந்தார்கள். எனவே விளிம்போடு நின்றுவிட வேண்டும், உள்ளே இறங்கக்கூடாது. வாயின் மேற்குப்பக்கம் உடைந்து திறந்திருப்பதால் குழம்பும் கொதிசாம்பலும் பெரும்பாலும் நகரத்துக்கு எதிர்த்திசையில் போகும் என்பதையும் இங்கே நின்றே புரிந்துகொள்ளலாம்.

கோட்டோபாக்ஸி 5,897 மீட்டர். ஒருநாள் நடையில் உச்சி கிடையாது. பனியின் விளிம்புதான் இலக்கு. அதுவே போதும். வழியில் லிம்பியோபுங்கோ ஏரியைச் சுற்றி ஒரு நடை போட்டால் மலையை முழுசாகப் பார்க்கலாம். இதன் ஒழுங்கான கூம்பு இளமையின் அடையாளம்: அரிப்பு வேலை செய்வதற்குள் அடுத்த வெடிப்பு மேலே பூசிவிடுகிறது. ரூக்குவின் எலும்பைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு இந்தத் தசை எங்கிருந்து வந்தது என்று விளங்கும். சுற்றியுள்ள சமவெளியில் சம்பந்தமில்லாமல் கிடக்கும் பெரும்பாறைகளை விசாரிக்க வேண்டும். 1877-இல் வெடிப்பின் சூட்டில் பனி உருகி, சாம்பலோடும் கல்லோடும் சேறாகப் பெருகிப் பள்ளத்தாக்குகளை வாரிக்கொண்டு பசிபிக் கடல்வரை போனது. இப்படிப்பட்ட வெள்ளங்கள் உருட்டி வந்த கற்கள் அவை.

வண்டி நிற்கும் இடம் சுமார் 4,600 மீட்டரில். 4,864 மீட்டரில் உள்ள தங்குகுடில் கண்ணெதிரே தெரியும், ஆனால் செஞ்சாம்பல் சரளையில் ஓரடி வைத்தால் அரையடி வழுக்கும். நேராக ஏறாமல் வளைந்து போகும் பாதையைப் பிடிப்பது மேல். சரளையின் சிவப்பு, சூட்டோடு காற்றுப் பட்டு இரும்பு துருவேறியதால் வந்தது. குடிலில் சூடான சாக்லேட் குடித்துவிட்டு இன்னும் ஒருமணி நேரம் ஏறினால் பனியாற்றின் விளிம்பு. பனியின் குறுக்கே சாம்பல்நிறக் கோடுகளைத் தேடலாம். மண்சுவரில் படித்ததே பனியிலும் எழுதியிருக்கும். 2015 ஆகஸ்டில் இந்த மலை மறுபடி விழித்துச் சாம்பல் கக்கியபோது உச்சிக்கான பாதை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மூடிக்கிடந்தது. அதனால் கிளம்புவதற்குமுன் தேசியப் பாலிடெக்னிக்கின் புவியியற்பியல் நிறுவனம் வெளியிடும் அறிக்கையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஜூன் முதல் செப்டம்பர்வரை வறட்சி, ஆனால் காற்று பலமாக அடிக்கும். பிப்ரவரி முதல் மே வரை மழை. எந்த மாதமானாலும் கம்பளித் தொப்பி, மழைச்சட்டை, வெயில்கண்ணாடி, முகத்துக்கும் உதட்டுக்கும் களிம்பு நான்கும் பையில் இருக்க வேண்டும். பூமத்தியரேகை வெயில் மெல்லிய காற்றில் மேகத்தினூடேயும் தோலைப் பொசுக்கும். பனியாற்றின் விளிம்புக்கு மேலே நள்ளிரவில் கிளம்பும் வழிகாட்டிகளின் உலகம் தொடங்குகிறது. கயிறு, முள்தகடு, பனிப்பிளவு என்று அது வேறொரு கலை. ஒருநாள் நடைக்காரர்கள் அங்கே திரும்பி, ஏறும்போது பாடுபடுத்திய அதே சரளையில் குதிகாலை ஊன்றிச் சறுக்கினால், குடிலிலிருந்து வண்டி நிற்கும் இடத்துக்குக் கால்மணி நேரத்தில் வந்துவிடலாம்.