ஆராய்ச்சி யாருக்காக?

‘கலை யாருக்காக?’ என்ற வினாவை முற்போக்கு எழுத்தாளர் இந்நாட்டில் எழுப்பியபோது முகஞ்சுளித்தோர் பலர். கலைக்கு நோக்கம் கற்பிப்பது அதன் தூய்மையைக் கெடுத்துவிடும் என்றனர். இன்று அதே வினாவை ஆராய்ச்சியைக் குறித்து எழுப்பினாலும் ஏறக்குறைய அதே விடைதான் கிடைக்கின்றது. அறிவு அறிவுக்காகவே என்பர். ஆராய்ச்சியின் தரத்தை ஆராய்ச்சியாளரே அறிவர் என்பர். பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்று, பாடசாலையில் அதனைப் பயிற்றுவித்துவரும் என்போன்றோருக்கு இவ்விடை நிறைவளிக்கவில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி முயற்சிகளை ஒருசேர நோக்குவோர் முதலில் வியப்பே அடைவர். 1974இல் திருநெல்வேலியில், பரமேசுவராக் கல்லூரி இருந்த வளவிலே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாகத் தொடங்கி, 1979இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று அது. இலக்கியமும் தொல்லியலும் ஒருபுறம், உளமருத்துவமும் நிலத்தடி நீரும் மறுபுறம், சூரிய மின்கலம் இன்னொருபுறம் என அதன் முயற்சிகள் விரிந்துள்ளன. அதுவும் எத்தகைய காலத்தில்? 1987 ஒக்டோபரில் வளாகமே போர்க்களமாயிற்று. 1989 செப்டெம்பர் 21ஆம் நாள், உடற்கூற்றியல் துறைத் தலைவராயிருந்த ராஜினி திராணகம வீடு திரும்பும் வழியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். ‘முறிந்த பனை’யை எழுதிய நால்வருள் அவரும் ஒருவர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாம மக்கள் ஊரைவிட்டு வெளியேறியபோது ஆசிரியரும் மாணவரும் அவர்களோடு நடந்தனர். இத்தனைக்கும் நடுவே ஆராய்ச்சி நடந்தது என்பதை மறந்து எழுதும் விமர்சனம் நேர்மையான விமர்சனமாகாது.

எனினும், பெருமிதம் வேறு, மதிப்பீடு வேறு. எத்தனை துறைகளில் ஆராய்ந்தோம் என்பதோடு, ஆராய்ந்ததை யாரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தோம் என்பதையும் கணக்கிடவேண்டும்.

வளாகத்தின் முதல் தலைவர் க. கைலாசபதி. பல்கலைக்கழக ஆசிரியராவதற்கு முன்னர் ‘தினகரன்’ பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர். பண்டைத் தமிழ் வீரயுகப் பாடல்களைப் பற்றிய அவரது ஆங்கில நூல் 1968இல் ஒக்ஸ்போர்டில் வெளிவந்தது. அதே ஆண்டில் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ தமிழில் வெளிவந்தது. உலக அறிஞருக்கு ஒரு நூல், ஊர் வாசகனுக்கு ஒரு நூல். இரண்டையும் ஒரே மனிதர் தம் கடமையெனக் கருதினார். ‘யாழ்ப்பாணம்: சமூகம், பண்பாடு, கருத்துநிலை’ என்ற கா. சிவத்தம்பியின் நூலை எடுத்துக்கொள்வோம். அவருடைய வசனம் எளிதன்று. என் மாணவர் பலர் அதனோடு மல்லுக்கட்டியிருக்கின்றனர். ஆனால் தமிழில் இருந்தமையாலன்றோ மல்லுக்கட்ட முடிந்தது! மறுத்துரைக்கவும் முடிந்தது.

வரலாற்றுத் துறையிலும் இத்தகைய நேர்மையைக் காண்கிறோம். 1980ஆம் ஆண்டளவில் ஆனைக்கோட்டையில் நடந்த அகழாய்விற் பிராமி எழுத்துப் பொறித்த முத்திரையொன்று வெளிப்பட்டது. அவ்வாய்வை முன்னின்று நடத்தியவருள் ஒருவரான கா. இந்திரபாலா, இலங்கைத் தமிழர் குடியேற்றம் பற்றித் தாம் இளமையிற் கொண்டிருந்த கருத்துகளைப் பிற்காலத்தில் வெளிப்படையாகவே திருத்திக்கொண்டார். அத்திருத்தத்தை ஆங்கிலத்தில் மட்டுமன்றித் தமிழிலும் நூலாக்கினார். தமது முடிவு யாருடைய வாழ்வைத் தொடுகின்றதோ அவர்களுக்கே முதலில் விடைகூற வேண்டுமென்ற உணர்வு அது. உளமருத்துவத் துறையில் தயா சோமசுந்தரமும் அவரோடு உழைத்தவர்களும் போரின் மனவடுக்களை உலக ஆய்வேடுகளில் எழுதியதோடு நில்லாது, ஆசிரியரும் கிராம ஊழியரும் கையாளத்தக்க தமிழ்க் கைந்நூல்களையும் ஆக்கினர்.

இந்த மரபு இன்று எல்லாத் துறைகளிலும் பரவியுள்ளதா?

உயர்தர வகுப்பிலே என் மாணவி ஒருத்தி ஒருநாள் கேட்டாள்: “சேர், எங்கட கிணத்துத் தண்ணியைக் குடிக்கலாமோ?” தந்தை வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயம் பயிரிடுபவர். கைக்குழந்தை உள்ள வீடு. நான் தமிழாசிரியன், விடை தெரியவில்லை. தேடினேன். விடை இருந்தது. ஒன்றல்ல, பல கட்டுரைகளில் இருந்தது. வற்றாத ஆறொன்றும் இல்லாத குடாநாட்டில் மழைநீரே சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி நிலத்தடி நீராகின்றது. அதே வெடிப்புகளினூடே தோட்டத்து யூரியாவின் நைத்திரேற்றும் இறங்குகின்றது. கிணற்றுக்கு அண்மையிலுள்ள மலக்குழிக் கழிவும் இறங்குகின்றது. கிணற்றிலிருந்து இறைத்த நீர் பாத்தியில் உரத்தைக் கரைத்துக்கொண்டு மீண்டும் கிணற்றுக்கே திரும்புகின்றது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். மிகுந்தால், புட்டிப்பால் கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைகளுக்கே பேராபத்து. வலிகாமத்தில் இந்த அளவைக் கடந்த கிணறுகள் உள்ளன என்பதை 1980களிலேயே ஆய்வாளர் எழுதினர். பல்கலைக்கழக ஆய்வாளரும் தொடர்ந்து எழுதிவருகின்றனர்.

நான் கண்டெடுத்த கட்டுரைகள் யாவும் ஆங்கிலத்திலேயே இருந்தன. அவற்றை அகராதியின் துணையோடு படித்து அந்த மாணவிக்குச் சொன்னேன். நாற்பது ஆண்டுகளாக அளக்கப்பட்டுவரும் நீரைப் பற்றி, அதைக் குடிப்பவள் ஒரு தமிழாசிரியனின் அரைகுறை மொழிபெயர்ப்பின்வழி அறியவேண்டியிருந்தது.

ஆங்கிலத்தில் எழுதாதிருக்க முடியுமா என்று கேட்கலாம். முடியாது; கூடவும் கூடாது. உலக ஆய்வாளர் சோதித்துப் பார்க்கும் மொழியில் எழுதினாற்றான் முடிபுகள் உறுதிபெறும். பதவியுயர்வும் அத்தகைய கட்டுரைகளையே எண்ணுகின்றது. இளம் விரிவுரையாளரைக் குறைகூறிப் பயனில்லை. குறை அந்த எண்ணும் முறையிலே உள்ளது. ஆங்கிலக் கட்டுரைக்குப் புள்ளியுண்டு. அதே முடிபை வெங்காயத் தோட்டக்காரர் விளங்கிக்கொள்ளுமாறு தமிழில் எழுதினால் அது பொழுதுபோக்காகிவிடுகின்றது!

தமிழில் விஞ்ஞானம் எழுத இயலாது என்பாருக்கு விடை மானிப்பாயில் உள்ளது. அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே அங்கு தமிழில் மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் தமிழாக்கினார். கடல் கடந்து வந்தவருக்குக் கைகூடியது, உயர்தரம்வரை தமிழிலேயே விஞ்ஞானம் கற்ற எம்மவருக்குக் கைகூடாதா?

இதைக் கருணையின் பேரால் நான் கேட்கவில்லை. கட்டுரைகளில் ‘விவசாயிகளின் அளவுமீறிய உரப்பாவனை’ என்றொரு தொடர் வரும். அதை அந்த விவசாயி படித்திருந்தால் தன் பக்கத்தை எடுத்துரைத்திருப்பார். கடனுக்கு வாங்கிய விதையைப் பற்றியும், விளைச்சல் குறைந்தால் கடனை எப்படி அடைப்பது என்ற அச்சத்தைப் பற்றியும் சொல்லியிருப்பார். அப்போது ஆராய்ச்சியே திருந்தியிருக்கும். 2021இல் அரசு இரசாயன உரத்தைத் திடீரெனத் தடைசெய்து, சில மாதங்களில் அத்தடையைக் கைவிட்டது. அந்நாள்களில் எம் சந்திகளில் நடந்த வாதங்களில் ஆத்திரம் இருந்தது. எம் நிலத்தையும் நீரையும் பற்றிய ஆய்வறிவு இருக்கவில்லை. அது ஆங்கில ஏடுகளில் உறங்கிற்று.

இன்னொன்றும் உண்டு. இம்மண்ணில் கிணறு வெறும் நீர்நிலையன்று. யார் அள்ளலாம், யார் அள்ளலாகாது என்று சாதி வகுத்த எல்லை அது. டானியலின் ‘பஞ்சமர்’ பிறந்த மண் இது. நீரை அளப்பவர் அது யாருடைய கிணறு என்று கேட்பதில்லை. சாதியை ஆராய்பவர் அந்த நீரிலே என்ன கலந்திருக்கின்றது என்று கேட்பதில்லை. இருவரும் தமிழில் எழுதினால் ஒரே வாசகரின் கையில் இரண்டும் சேரும். பல துறைகளாய்க் கிடப்பது அங்கேதான் ஓர் அறிவாக இணையும்.

1960களின் தொடக்கத்தில் பண்டிதர் சிலர் மக்களின் பேச்சை ‘இழிசனர் வழக்கு’ என்று ஒதுக்கியபோது, அம்மொழி இலக்கியத்துக்குரியதே என்று முற்போக்காளர் வாதாடி வென்றனர். அம்மக்களின் மொழி ஆராய்ச்சிக்கும் உரியதே என்று வாதாட வேண்டியது இன்றைய கடமை. ஒவ்வோர் ஆய்வேட்டுக்கும் நான்கு பக்கத் தமிழ்ச் சுருக்கம் எழுதப்படட்டும். ஆய்வு நடந்த ஊரின் வாசிகசாலையில் அது வைக்கப்படட்டும். பதவியுயர்விலும் அது எண்ணப்படட்டும். இவற்றுக்குப் பெரும்பணம் வேண்டியதில்லை.

என் மாணவியின் வீட்டிற் குழந்தைக்கு இப்போது வேறு கிணற்று நீர் கொண்டுவருகிறார்கள். அந்தக் கிணற்று நீரை எவரேனும் அளந்தார்களா என்று அவள் என்னைக் கேட்டிருக்கிறாள்.