டெலோமியர் நீளமும் அத்தையின் வயிறும்

எலிசபெத் பிளாக்பர்னும் எலிசா எப்பலும் 2017இல் எழுதி வெளியிட்ட 'தி டெலோமியர் எஃபெக்ட்' நூலை அருவங்காட்டில், அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். கார்டைட் ஃபேக்டரி ஷிப்டுக்கு டிபன் கட்டி அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்கு ஓடும் பெண்கள் எதிரே போய்க்கொண்டிருந்தார்கள்.

பிளாக்பர்ன் டெலோமியர் ஆய்வுக்காக 2009இல் கரோல் கிரைடர், ஜாக் சோஸ்டாக் ஆகியோரோடு நோபல் பரிசு பெற்றவர். குரோமோசோமின் இரு நுனிகளிலும், ஷூ லேஸ் முனையின் பிளாஸ்டிக் உறைபோல இருந்து காப்பது டெலோமியர். செல் பிரியப் பிரிய அது தேயும். அளவுக்கு மேல் தேய்ந்தால் செல் பிரிவதையே நிறுத்திக்கொள்ளும்.

இருவரும் 2004இல் வெளியிட்ட ஓர் ஆய்வுதான் நூலின் உயிர். 58 தாய்மார்கள், அவர்களில் 39 பேர் நாள்பட்ட நோயுள்ள பிள்ளையைப் பராமரிப்பவர்கள். பராமரித்த ஆண்டுகள் கூடக் கூட அவர்களின் டெலோமியர் குறுகியிருந்தது. படித்தபோது ஆறுதலும் கோபமும் ஒன்றாக வந்தன. பெண்ணின் கூலியில்லா உழைப்பு அவள் செல்லில் பதிவாகிறது என்று ஆய்வகமே சொல்லிவிட்டது. சரி, தீர்வு என்ன? தியானம், நடை, தூக்கம், எண்ணத்தை மாற்றிக்கொள்வது. சமூகம், அக்கம்பக்கம் பற்றியும் நூல் பேசத்தான் செய்கிறது. ஆனால் பயிற்சிகள் எல்லாம் அவள் தலையில்தான். பிள்ளையைப் பாதி நாள் அப்பா பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு பயிற்சி வைத்தால் என்ன?

இந்த நூலை ஒட்டி ஊரெங்கும் பரவிய 'நீளம் நல்லது, குட்டை கெட்டது' என்ற கணக்கோடு எனக்கு இன்னும் பெரிய சண்டை. டெலோமியர் நீளம் நம் மூச்சுப் பயிற்சியால் மட்டும் வருவதில்லை. பெருமளவு பிறவியிலேயே வருகிறது. அதே 2017இல் ஜாமா ஆன்காலஜி இதழில் வந்த பெரிய ஆய்வு, பரம்பரையாக நீண்ட டெலோமியர் உள்ளவர்களுக்குச் சில புற்றுநோய்களின் வாய்ப்பு கூடுகிறது என்றது. சினைப்பையில் மெல்ல வளரும் ஒருவகைக் கட்டிக்கு அந்தத் தொடர்பு மிக வலுவாக இருந்தது. காரணம் எளிது: நீண்ட நுனி உள்ள செல் அதிக காலம் பிரியும், பழுதுகள் சேரவும் அவகாசம் கிடைக்கும். டெலோமியரை நீட்டும் மாத்திரைகள் ஆபத்து என்று பிளாக்பர்னே எச்சரிக்கிறார். அந்த எச்சரிக்கை மட்டும் யார் காதிலும் விழவில்லை.

என் அத்தை, அப்பாவின் தங்கை, நாற்பது வயதுகளில் வயிறு வீங்கி இறந்தார். கேஸ் என்றார்கள், அல்சர் என்றார்கள். கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனபோது சினைப்பைப் புற்று வயிறெங்கும் பரவியிருந்தது. பிறகு நான் சோதனைக்குப் போன இடத்தில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அம்மாவுக்கு இருந்துச்சா? கூடப் பிறந்தவங்களுக்கு?" அத்தையை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை; அது 'அப்பா பக்கம்' அல்லவா? பிஆர்சிஏ1 மரபணுவில் பழுது இருந்தால், அது அப்பாவிடமிருந்து மகளுக்கு வரவும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. பொதுவாக நூறு பெண்களில் ஒருவருக்கு வரும் இந்தப் புற்று, அந்தப் பழுது உள்ள நூறு பேரில் நாற்பது பேருக்காவது வரக்கூடும். டெலோமியர் நீளத்தைவிட எனக்குத் தேவைப்பட்டது இந்தத் தகவல்தான்.

ஆனால் குடும்ப வரலாறு எல்லோருக்கும் கைவசம் இருப்பதில்லை. 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து நீலகிரி தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தவர்களைக் கேட்டால் தெரியும். ஒரு சகோதரி இங்கே, ஒருத்தி ஹட்டன் பக்கம். அங்கிருந்தவள் எந்த நோயில் போனாள் என்று யார் எழுதி அனுப்பினார்கள்?

அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் பரம்பரைப் புற்றுநோய்க்கென்றே ஆலோசனைப் பிரிவு இருக்கிறது. போவதற்கு முன் அம்மாவிடம் அத்தையின் அம்மா எப்படி இறந்தார் என்று கேட்டேன். "அவங்களுக்கும் வயிறுதான்," என்றார் அம்மா, அரிசி புடைத்தபடியே. "நீ ஏன் இத்தனை நாளா கேக்கல?"