ஓடும் காரில் உருவப்படம்

உருவப்படம் என்றால், எடுப்பவர்முன் ஒருவர் அமர்ந்து முகத்தைச் சீர்செய்து கொள்வது மரபு. காரோட்டியும் அமர்ந்தே இருக்கிறார். ஆனால் படத்திற்காக அன்று. இவ்வேறுபாட்டையே தம் கலைக்கு முதலாக்கிக் கொண்டவர் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆண்ட்ரூ புஷ். 1989இல் தொடங்கித் தொண்ணூறுகளிலும் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டார நெடுஞ்சாலைகளில், தம் காரிலேயே காமிராவைப் பொருத்தி, பக்கத்துத் தடத்தில் ஓடிய கார்களையும் அவற்றை ஓட்டியவர்களையும் பளிச்சொளி பாய்ச்சிப் படமெடுத்தார். அப்படங்கள் 2008இல் 'டிரைவ்' என்னும் நூலாக வெளிவந்தன.

பல்லாயிரவர் செல்லும் சாலையிலே, கார்க்கதவைச் சாத்தியதும் மனிதர் தம் வீட்டுக் கூடத்தில் இருப்பதாக எண்ணிவிடுகின்றனர். அந்த மயக்கமே இப்படங்களின் உயிர். 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில் வாக்கர் எவான்ஸ் காமிராவை மேலங்கிக்குள் மறைத்து எடுத்த முகங்களோடு இவற்றை ஒப்பிடலாம். ரயிலில் அயலார் தோள் உரசும். காரிலோ அயலார் என்று ஒருவரே இல்லை. கதவின் நிறமும் நெளிவும் முகத்தோடு சேர்ந்து பேசுகின்றன.

புஷ் இத்தொடருக்கு 'வெக்டர் உருவப்படங்கள்' என்று பெயரிட்டார். அளவும் திசையும் சேர்ந்ததைக் கணிதத்தார் வெக்டர் என்பர். படத்தின் தலைப்பிலே சாலை, திசை, ஏறத்தாழ எத்தனை மைல் வேகம், எந்த ஆண்டு ஆகியவை இருக்கும். ஆளின் பெயர் இராது. கார்ப் பண்பாட்டைப் பற்றிய கூர்மையான விமர்சனம் படங்களைவிட இத்தலைப்புகளிலேயே உள்ளது எனலாம்.

ஆயினும் ஒரு கேள்வி நிற்கிறது. கேளாமல் எடுத்த முகம் யாருக்கு உரியது? எவான்ஸ் ஒளிந்து எடுத்தார். நூலாக்க 1966 வரை காத்திருந்தார். புஷ் ஒளியவில்லை. ஆனால் இரு கைகளும் சுக்கானில் இருக்கும் ஒருவரால் 'வேண்டாம்' என்று முகத்தை மறைக்க இயலுமா? விரைந்தோடும் காருக்குள் பளிச்சொளி பாய்ச்சுவதைக் கலையின் பெயரால் நியாயப்படுத்துவதும் கடினமே.

அனுமதி கேட்டிருந்தாலோ, உரிமையாளர் இறங்கி வந்து, கார்மேல் கை வைத்துப் பெருமிதத்தோடு நின்றிருப்பார். அது காரின் விளம்பரமாகியிருக்கும், காரோட்டியின் படமாகியிராது. இந்நூலில் சிலர் மட்டும் திரும்பிக் காமிராவை நேரே நோக்குகின்றனர். அவர்களுடைய படங்களை இன்னும் சில சேர்த்திருக்கலாம்.